டிராகன் வரைகிறவருக்கு எந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பது?

"என் தம்பி எப்போது பார்த்தாலும் டிராகன்தான் வரைகிறான். பிறந்தநாளுக்கு நல்ல டிராகன் ஓவியப் புத்தகம் ஒன்று கொடுக்கலாம் என்று தேடினால், எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது. எதை வாங்க?"

இந்தக் கேள்வியை வெவ்வேறு ஆட்களிடமிருந்து நான்கைந்து முறை கேட்டுவிட்டேன். கேட்டவர்களில் யாரும் வரைகிறவர்கள் இல்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. வரையாதவர் கண்ணுக்கு இவை எல்லாம் டிராகன் புத்தகங்கள், அவ்வளவுதான். வரைகிறவருக்கோ ஒன்று பாடநூல், ஒன்று அகராதி, ஒன்று வெறும் காட்சிப் பொருள்.

நானும் இதில் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக வரைந்துவந்த நண்பர் ஒருவருக்கு, 'டிராகன் வரைவது எப்படி' என்கிற வகையில் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். முதலில் வட்டம் போடு, அதன்கீழ் முட்டை வடிவம் போடு என்று ஆரம்பிக்கும் புத்தகம். அவர் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அது அவருடைய அக்கா மகன் கையில் இருந்தது. அவர் மேசையிலோ, வௌவால்களைப் பற்றிய பழைய விலங்கியல் புத்தகம் ஒன்று விரித்தபடி கிடந்தது. பக்க ஓரமெல்லாம் பென்சில் கறை.

டிராகன் படங்களுக்கு ஓவியரிடம் பஞ்சமே இல்லை. இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் புத்தகம்தான் கிடைப்பது அரிது. கீழே ஐந்து வகைகளை ஒப்பிடும்போது இந்த ஒரு கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? இது தெரிய நீங்கள் ஓவிய விமர்சகராக இருக்க வேண்டியதில்லை. அவர் வரைந்த டிராகனில் சிறகு உடம்போடு சேரும் இடத்தை மட்டும் பாருங்கள். முதுகில் ஒட்டுத்தாள் ஒட்டியது போல இருந்தால் இன்னும் தொடக்க நிலை. சிறகுக்குக் கீழே தோள், மார்பு என்று சதைத் திரட்சி தெரிந்தால் உடற்கூறு பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சிறகை விரித்தால் ஒரு மாதிரியும் மடக்கினால் வேறு மாதிரியும் நம்பும்படி வரைகிறார் என்றால், அடிப்படை வரையக் கற்றுத்தரும் புத்தகம் எதுவும் அவருக்கு வேண்டாம்.

எந்த டிராகன்? நான்கு கால், இரண்டு சிறகு இருப்பது ஐரோப்பிய வகை. இரண்டே கால், இரண்டு சிறகு என்றால் அதற்கு வைவர்ன் என்று பெயர். பிரிட்டனின் குலச்சின்ன மரபு இந்த இரண்டையும் வேறு வேறு விலங்காகவே எண்ணும். பாம்பு போல நீண்ட உடல், மான் கொம்பு, சிறகே இல்லை என்றால் கிழக்காசிய வகை. ஒன்றில் ஊறியவருக்கு மற்றதைக் கொடுப்பது தப்பில்லை; சில சமயம் அதுதான் நல்ல பரிசு. ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும், தெரியாமல் கொடுக்கக் கூடாது.

எதில் வரைகிறார்? பென்சிலா, மையா, நீர்வண்ணமா, டேப்லட்டா? திரையில் வரைகிறவர்களின் புத்தகங்களில் ஒரு தொல்லை உண்டு. திரை மூன்று ஒளி நிறங்களைக் கலக்கிறது. அச்சு நான்கு மைகளைக் கலக்கிறது. திரையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுத் தீயும் பச்சை ஒளியும் தாளில் அதே பிரகாசத்தோடு வராது. டிராகன் புத்தகத்தில் தீ பாதிப் பக்கங்களை அடைத்துக்கொள்ளும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

புத்தகம் ஒரு பொருளாக எப்படி இருக்கிறது? ஓவியர் படுத்துக்கொண்டு படிக்கப் போவதில்லை. மேசையில் விரித்து வைத்து, பக்கத்தில் தாளைப் போட்டு வரைவார். தையல் பைண்டிங் என்றால் புத்தகம் தட்டையாக விரியும். வெறும் பசை பைண்டிங் என்றால் கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். அழுத்தி விரித்தால் முதுகு பிளக்கும். இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில், டிராகனின் கழுத்து சரியாக நடு மடிப்புக்குள் போய்விட்டால் அந்தப் படம் போனது போனதுதான். பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் நிறம் ஆழமாகத் தெரியும், ஆனால் மேசை விளக்கின் வெளிச்சம் அப்படியே கண்ணில் அடிக்கும். வைத்து வரைவதற்குப் பளபளப்பில்லாத மேட் தாளே நல்லது.

எடையையும் கணக்கில் வையுங்கள். ஏ4 அளவு, 300 பக்கம், 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம்) தாள் என்றால் உள்தாள்கள் மட்டுமே சுமார் 1.4 கிலோ வரும். கெட்டி அட்டையையும் சேர்த்தால் இன்னும் கூடும். அஞ்சலில் அனுப்புகிறீர்கள் என்றால், புத்தக விலையைப் பார்த்து மகிழ்ந்தவர் அனுப்பும் செலவைப் பார்த்து விழிப்பார். கெட்டி அட்டைப் புத்தகத்தின் மூலை நசுங்காமல் போய்ச் சேருவதும் அவ்வளவு சுலபமில்லை.

ஏற்கனவே அவரிடம் இருக்குமா? டிராகன் பிரியர்களுக்கு எல்லாரும் டிராகன்தான் பரிசளிப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த புத்தகம் அவரிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

## 1. வரையக் கற்றுத்தரும் புத்தகம்

பரிசாக அதிகம் போவதும் இதுதான், அதிகம் வீணாவதும் இதுதான். காரணம் புத்தகமில்லை, ஆள் மாறிப் போவது.

புதிதாக வரைய ஆரம்பித்த பதின்ம வயதுப் பிள்ளைக்கும், பள்ளியோடு விட்டுப்போன பென்சிலை இப்போது திரும்ப எடுத்தவருக்கும் இது நல்ல துணை. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதிரிப் பக்கங்களில் படிகளை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் படியில் நான்கு உருளைகள். நான்காம் படியில் செதில், நிழல், பல், கண்ணொளி எல்லாம் முளைத்த முழு டிராகன். இப்படித் தாவுகிற புத்தகம் எதையும் கற்றுத்தராது. நல்ல புத்தகத்தில் முடிந்த படங்களைவிட முடியாத படங்கள் அதிகம் இருக்கும். சிறகு எலும்பு எங்கே மடங்குகிறது, வாலின் எடையை எந்தக் கால் தாங்குகிறது, தலை நம்மை நோக்கித் திரும்பினால் மூக்கு எப்படிக் குறுகித் தெரியும் என்பதற்கெல்லாம் அதில் இடம் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு, ஆசிரியரின் பாணி ஒட்டிக்கொள்வது. ஒரே ஆசிரியரின் புத்தகத்தை வைத்துப் பழகியவர் ஒரு வருடம் கழித்தும் அதே மூக்கு, அதே கொம்பு, அதே முறைப்பைத்தான் வரைவார். அதைக் கழற்றுவதற்கு இன்னொரு வருடம் ஆகும். இன்னொரு செலவு மனசு சம்பந்தப்பட்டது. வரைந்து சம்பாதிக்கிறவரிடம் இதை நீட்டினால், "உனக்கு இன்னும் சரியாக வரவில்லை" என்று சொன்னதாகவே படும். நீங்கள் அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் படும்.

## 2. ஒரே ஓவியரின் தொகுப்பு

பெரிய அளவு, கெட்டி அட்டை, பிரித்ததும் "அடேயப்பா" என்று சொல்ல வைக்கும் புத்தகம். பரிசு என்கிற கணத்துக்கு இதை அடிக்க வேறு வகை இல்லை. அந்த ஓவியரை அவருக்குப் பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் துணிந்து வாங்கலாம். ஆனால் அவ்வளவு பிடிக்கும் என்றால் அந்தப் புத்தகம் அவரிடம் ஏற்கனவே இருக்கும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி: அந்த ஓவியரின் பெயர்பெற்ற தொகுப்பை விட்டுவிட்டு, ஸ்கெட்ச் தொகுப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது அவரிடம் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். பயனும் அதிகம்.

தொகுப்பின் தரத்தைச் சொல்வது படக்குறிப்புகள். எந்த ஊடகம், மூலப் படத்தின் அளவு என்ன, எந்த வருடம் என்று படத்துக்குப் படம் போட்டிருந்தால் அக்கறையாகச் செய்திருக்கிறார்கள். மூலம் உள்ளங்கை அளவா, சுவர் அளவா என்று தெரியாமல் தூரிகைத் தடத்தைப் பற்றி ஓவியர் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

முடிந்த படங்கள் மட்டுமே உள்ள தொகுப்பு, விருந்து இலையைக் காட்டிவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வது போல. பார்க்கலாம், வியக்கலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தன் வேலையில் நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கும் ஆளுக்கு இப்படி ஒரு புத்தகத்தைக் கொடுத்தால், உற்சாகத்துக்குப் பதில் "நாமெல்லாம் எங்கே" என்ற சோர்வுதான் வரும். இதை ஒரு செலவாக யாரும் எழுதி வைப்பதில்லை. நான் எழுதி வைக்கிறேன்.

பணக் கணக்கும் உண்டு. இவ்வகைப் புத்தகங்கள் ஒரு பதிப்போடு தீர்ந்துபோகும். பிறகு பழைய பிரதிகளைப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள். அந்த விலையைக் கொடுப்பதற்கு முன் பதிப்பகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். மறுபதிப்பு வருகிறது என்றால் பொறுத்திருப்பதே புத்தி.

## 3. திரைப்பட, வீடியோ கேம் கான்செப்ட் ஆர்ட் புத்தகம்

கான்செப்ட் ஆர்ட் என்பது படமோ கேமோ உருவாகும் முன் அதன் உருவங்களைத் திட்டமிட வரையும் ஓவியம். நடுத்தர நிலையைத் தாண்டியவருக்கு, முக்கியமாக டேப்லட்டில் வரைகிறவருக்கு, என் முதல் தேர்வுகளில் ஒன்று இது. ஏனென்றால் வேண்டாம் என்று தள்ளப்பட்ட படங்களை அச்சில் காட்டுவது அநேகமாக இந்த ஒரு வகைதான். ஒரு டிராகன் தலைக்கு இருபது வடிவங்கள் போட்டு, பத்தொன்பதைக் கழித்த கதை அதில் இருக்கும். நல்ல புத்தகம் ஏன் கழித்தார்கள் என்றும் சொல்லும்: தாடை இவ்வளவு கனமானால் கழுத்து தாங்காது, கண் முன்னால் வந்தால் மனுஷ முகம் வந்துவிடுகிறது, தூரத்திலிருந்து பார்த்தால் நிழலுருவம் கழுகாகத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு மனித உருவத்தை நிறுத்தி அளவு காட்டும் படம், வாய் திறந்து மூடும் வரிசை, செதிலின் நெருக்கக் காட்சி என்று ஓவியருக்கு வேண்டிய தீனி நிறைய.

இரண்டு கால் டிராகன் அண்மைக்காலத் திரையில் ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கும் இங்கே விடை கிடைக்கும். நான்கு கால், இரண்டு சிறகு என்றால் ஆறு உறுப்புகள். முதுகெலும்புள்ள உயிரினம் எதற்கும் ஆறு கை கால் கிடையாது. அப்படி வரைந்தால் இரண்டாவது தோளை எங்கே வைப்பது, அந்தச் சிறகை அசைக்கும் தசையை எங்கே ஒட்டுவது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முன்னங்காலையே சிறகாக்கிவிட்டால் வௌவாலைப் பார்த்து வரைந்துவிடலாம். டிராகன் வரைகிறவர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடும் விஷயம் இது. உங்கள் ஆள் எந்தக் கட்சி என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஏமாறும் இடம் பக்கக் கணக்கு. அட்டையில் டிராகன் இருக்கும். உள்ளே உடை, கோட்டை, வாள், குதிரைச் சேணம் எல்லாம் போக, டிராகனுக்கு ஒரே ஒரு அத்தியாயம் மிஞ்சும். பொருளடக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். திரையிலிருந்து எடுத்த காட்சிகளை வைத்துப் பக்கம் நிரப்பிய புத்தகங்களும் உண்டு. படத்தைப் பார்த்தவருக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. இருட்டுக் காட்சிகள் அச்சில் ஒரே கருப்புக் குழம்பாகிவிடுவதும் இந்த வகையில்தான் அதிகம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஓவியர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்து தேடிப் போவார்கள்.

## 4. பழைய டிராகன்களின் புத்தகம்: அருங்காட்சியக, வரலாற்று வகை

வருடக்கணக்காக வரைந்து, தன் டிராகன்கள் எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன என்று அலுத்துப்போன ஆளுக்கு இது மருந்து.

சீன ஓவியர் சென் ரோங் 1244-ல் வரைந்த ஒன்பது டிராகன் சுருள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுக்க மை, அங்கங்கே மட்டும் லேசான சிவப்பு. டிராகன் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. குடித்துவிட்டு, பெருங்குரல் எழுப்பி, தலையில் அணியும் துணித் தொப்பியை மையில் தோய்த்துத் தாளில் தேய்த்துவிட்டுப் பிறகு தூரிகையால் முடிப்பார் என்று அவரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கதை எப்படியோ, செதிலை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தச் சுருள் பெரிய விடுதலை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் தம் கடைசி வருடமான 1849-ல் ஃபூஜி மலைக்கு மேலே புகையோடு புகையாக ஏறிப்போகும் டிராகனை வரைந்தார். பட்டில் ஒரு கருத்த புகைத் தாரை, அதற்குள் சின்னதாக டிராகன். ஐரோப்பாவில் இத்தாலிய ஓவியர் உச்செல்லோ 1470 வாக்கில் வரைந்த, லண்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ள படத்தில் டிராகனுக்கு இரண்டே கால், சிறகில் வட்ட வட்டப் புள்ளிகள். காப்பாற்றப்பட வேண்டிய இளவரசியே அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். டிராகன் என்றால் மலையளவு இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தைக் கலைக்க இந்த ஒரு படம் போதும்.

இயற்கை அறிஞர் உலிஸ்ஸே ஆல்ட்ரோவாண்டி 1605-ல் இறந்தார். அவருடைய பாம்பு, டிராகன் பற்றிய நூல் 1640-ல் அச்சேறியது. டிராகனைப் பிடித்து வைத்துப் பார்த்தவர் போல அதில் மரச்செதுக்குப் படங்கள். கேலிக்கு இல்லை, உண்மையான விலங்கியல் என்று நம்பி வரைந்த படங்களுக்கு ஒரு தனி அழுத்தம் இருக்கிறது.

நல்ல வரலாற்றுப் புத்தகம் இலக்கணத்தையும் சொல்லும். சீன மரபில் டிராகனுக்கு ஒன்பது ஒப்புமைகள் உண்டு: கொம்பு மானுக்கு, தலை ஒட்டகத்துக்கு, கழுத்து பாம்புக்கு, செதில் கெண்டைக்கு, நகம் கழுகுக்கு, பாதம் புலிக்கு, காது மாட்டுக்கு என்று போகும் பட்டியல். கண் விஷயத்தில் பாடபேதம் இருக்கிறது. ஐந்து நகம் சீனப் பேரரசருக்கு உரியது. ஜப்பானிய டிராகன்களுக்குப் பெரும்பாலும் மூன்றுதான். இது தெரியாமல் நகத்தை இஷ்டத்துக்கு வரைந்துவந்த ஒருவர் இதைப் படித்த அன்றே தம் பழைய படங்களை எடுத்து எண்ணிப் பார்ப்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் எண்ணினார். ஒரே டிராகனுக்கு முன்னால் நான்கு, பின்னால் மூன்று.

இப்போது மறைந்த செலவு. இந்தப் படங்களில் பல இணையத்தில் இலவசம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் உரிமை முடிந்த படைப்புகளின் 3,75,000 படங்களை யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வேறு பல அருங்காட்சியகங்களும் இப்படித் திறந்திருக்கின்றன. ஆகவே, நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு இல்லை. தேர்வுக்கு, விளக்கத்துக்கு, அச்சுத் தரத்துக்கு. இந்த மூன்றும் சரியில்லாமல் இலவசப் படங்களை வாரிப் போட்ட புத்தகங்கள் நிறையவே விற்கின்றன.

அளவும் பிரச்சினை. சென் ரோங்கின் சுருள் 46 செ.மீ. உயரம், நீளமோ 9 மீட்டருக்கும் மேல். அதை முழுசாக 60 செ.மீ. அகல இரட்டைப் பக்கத்தில் அடைத்தால் உயரம் 3 செ.மீ.கூட மிஞ்சாது. மடித்து நீளும் பக்கமோ, பகுதி பகுதியாகப் பெரிதாக்கிய படமோ இல்லை என்றால், அந்தப் படம் புத்தகத்தில் இருப்பதாகவே கணக்கு வைக்காதீர்கள். அப்புறம், ஆய்வாளர்களுக்காகப் போட்ட கண்காட்சிப் பட்டியல் நூல்களில் எழுத்து பக்கம் பக்கமாகவும், படம் தபால்தலை அளவிலும் இருக்கும்.

## 5. டிராகனே இல்லாத டிராகன் புத்தகம்

அந்த வௌவால் புத்தகத்துக்கு வருகிறேன். ஊர்வன, வௌவால், பறவை, பண்டைய பறக்கும் ஊர்வன ஆகியவற்றின் உடற்கூற்றுப் புத்தகம். பரிசு வாங்குகிறவர் கண்ணில் இது படவே படாது. வேலை செய்யும் ஓவியருக்கு இதைவிட உதவும் புத்தகமும் குறைவு. ஒரு சார்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே சொல்கிறேன்.

டிராகனின் சிறகு என்று நாம் வரைவது மூன்றில் ஒன்று. வௌவாலுக்குக் கட்டைவிரல் வெளியே தனியாக நிற்கும். மற்ற நான்கு விரல்களும் நீண்டு சவ்வைக் குடைக்கம்பி போலத் தாங்கும். பண்டைய பறக்கும் ஊர்வனவான டெரோசாருக்கு நான்காம் விரல் ஒன்று மட்டும் அசாத்தியமாக நீண்டு சவ்வின் வெளிப்பகுதியைத் தாங்கியிருக்கும். பறக்கும் ஓணானுக்குச் சிறகின் சட்டம் கை இல்லை; விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டு சவ்வை விரிக்கின்றன, அதுவும் சறுக்கிப் பறக்க மட்டும். மூன்றும் மடங்கும் விதம் வேறு, கிழிந்தால் கிழியும் விதமும் வேறு. சொல்லப்போனால், ஆறு உறுப்புச் சண்டைக்கு விலா எலும்புச் சிறகு ஒரு நல்ல தீர்வு: நான்கு கால் அப்படியே இருக்கும், இரண்டாவது தோளும் வேண்டாம்.

தோலுக்கு வாருங்கள். முதலையின் முகத்திலும் தாடையிலும் இருக்கும் ஒழுங்கற்ற கட்டங்கள் பாம்புச் செதில் போல ஒவ்வொன்றாகத் திட்டமிட்டு வளர்ந்தவை அல்ல. தோல் வளரும்போது நெருக்கத்தில் மடிந்து உண்டான கோடுகள் என்று 2024-ல் வெளியான ஆய்வு காட்டியது. பார்வைக்கு அவை காய்ந்த சேற்று வெடிப்பு போல இருக்கின்றன. இது தெரிந்தவர் டிராகனின் தாடையில் ஓடு அடுக்கியது மாதிரி செதில் போட மாட்டார். 3 மீட்டர் வரை வளரும் கொமோடோ டிராகனுக்குத் தோலுக்குள் நுண்ணிய எலும்புத் துண்டுகள், சங்கிலிக் கவசம் போல. பாம்பின் வயிற்றில் குறுக்குப் பட்டைகளாக அகலச் செதில், முதுகில் சின்னது. இதெல்லாம் ஒரு நல்ல புத்தகத்தில் நாலைந்து பக்கத்துக்குள் கிடைத்துவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இனங்களை அடையாளம் காண்பதற்கான கையேடு வேண்டாம். அதில் எல்லா விலங்கும் ஒரே பக்கவாட்டுத் தோற்றத்தில், சின்னதாக நிற்கும். எலும்புக்கூடு, தசை, அசைவு மூன்றும் இருக்க வேண்டும். ஓவியர்களுக்கென்றே எழுதப்பட்ட விலங்கு உடற்கூற்று நூல் என்றால் நல்லது. ஆனால் அவற்றில் பல குதிரை, நாய், சிங்கத்தோடு நின்றுவிடும். ஊர்வனவும் வௌவாலும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

இதன் செலவு, பரிசு மாதிரித் தெரியாது என்பதுதான். பிரித்துப் பார்த்து "ஓ... பல்லி" என்று இரண்டு நொடி முழிப்பார்கள். ஏன் இது என்று இரண்டு வரி எழுதி உள்ளே வையுங்கள். பொழுதுபோக்காக மட்டும் வரைகிற, டிராகனின் மாயத்துக்காகவே அதைக் காதலிக்கிற ஆளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். அவருக்கு எலும்பு வேண்டாம், தீதான் வேண்டும்.

## மற்றவை

வண்ணம் தீட்டும் டிராகன் புத்தகம் சொந்தமாக வரைகிறவருக்குப் பரிசாகாது. வேறொருவர் கோட்டுக்குள் நிறம் போடச் சொல்வது அது. ஓய்வுக்கென்று அவரே கேட்டால் தவிர வேண்டாம். மின்நூலில் பெரிதாக்கிப் பார்க்கலாம், திரை நிறம் அப்படியே வரும், அஞ்சல் செலவு இல்லை. ஆனால் கையில் கொடுக்க ஒன்றுமில்லாத பரிசு. சிறகு விரியும் முப்பரிமாணப் புத்தகங்கள் அழகு. இரண்டாம் வாரம் ஒரு சிறகு கிழியும்.

## ஒரே பார்வையில்

| வகை | யாருக்கு | மறைந்த செலவு | வாங்கும் முன் பார்க்க வேண்டியது |
|---|---|---|---|
| வரையக் கற்றுத்தருவது | தொடக்க நிலை, திரும்ப வருபவர் | பாணி ஒட்டிக்கொள்ளும்; தேர்ந்தவருக்கு மனத்தாங்கல் | படிகளுக்கு இடையே தாவல் |
| ஒரே ஓவியர் தொகுப்பு | அந்த ஓவியரின் ரசிகர் | ஏற்கனவே இருக்கும். தீர்ந்த பதிப்பின் விலை | ஸ்கெட்ச், படக்குறிப்புகள் |
| கான்செப்ட் ஆர்ட் | நடுநிலைக்கு மேல், டேப்லட்டில் வரைபவர் | டிராகனுக்குச் சில பக்கமே | பொருளடக்கம், கழித்த வடிவங்கள் |
| வரலாற்று வகை | அலுத்துப்போன அனுபவசாலி | இலவசப் படத்துக்குக் காசு | படத்தின் அளவு, மடிப்புப் பக்கம் |
| உடற்கூறு | தொழில்முறை, தீவிரமாகக் கற்பவர் | பரிசு போலத் தெரியாது | எலும்பு, தசை, அசைவு மூன்றும் |

## அட்டையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவில் படங்களை உருவாக்கி, ஆர்டர் வந்தால் அச்சடிக்கும் முறையில் விற்கும் புத்தகங்கள். அட்டை அசத்தலாக இருக்கும். ஓவியருக்கு இதைக் கொடுப்பது, சங்கீதம் கற்றவருக்குக் கைபேசி ரிங்டோன் தொகுப்பைக் கொடுப்பது மாதிரி. மோசமாகவும் எடுத்துக்கொள்வார்கள், தங்கள் பிழைப்பைத் தொட்ட விஷயம் அது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஓவியர் பெயர் இருக்காது, அல்லது இருக்கும் பெயருக்கு வேறெங்கும் தடயம் இருக்காது. அதே பெயரில் சமையல், யோகா, டிராகன் என்று ஒரே மாதத்தில் புத்தகங்கள் வந்திருக்கும். மாதிரிப் பக்கம் கிடைத்தால் நகத்தை எண்ணுங்கள். ஒரு காலில் மூன்று, அடுத்ததில் ஐந்து. சிறகுச் சவ்வு எந்த விரலிலும் சேராமல் முதுகில் கரைந்து போகும். வால் ஒரு பாறைக்குப் பின்னால் போய் வேறு தடிமனில் வெளியே வரும். ஒரு ஸ்கெட்ச்கூட இருக்காது. எல்லாப் படமும் ஒரே மெருகில் முடிந்திருக்கும். மாதிரிப் பக்கமே காட்டவில்லை என்றால் வாங்காமல் விடுவதே நல்லது.

## இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால்

அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்றே தெரியாது, கேட்கவும் முடியாது, சிறகைப் பார்க்கவும் வழியில்லை என்றால், ஸ்கெட்ச் நிறைந்த கான்செப்ட் ஆர்ட் புத்தகம் என்பேன். தொடக்க நிலையில் இருப்பவருக்குப் படம் பார்க்கிற சந்தோஷம். தேர்ந்தவருக்கு வேலைக்கான தீனி. தப்பாகப் போனாலும் அதிகம் தப்பாகாது.

தொழிலாகவே வரைகிறவர் என்று தெரிந்தால் உடற்கூறு. அவர் கிழக்காசிய டிராகன்களை ஒருமுறையாவது ஆர்வமாகப் பேசிக் கேட்டிருந்தால் வரலாற்று வகை. பதினான்கு வயது என்றால் யோசிக்காமல் கற்றுத்தரும் புத்தகம், கூடவே நல்ல கெட்டித் தாள் ஸ்கெட்ச் புத்தகம் ஒன்று. அதைத்தான் முதலில் தீர்ப்பார்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வாழ்த்தைப் புத்தகத்தில் எழுதாமல் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மாற்றிக்கொள்ளும் கடைசித் தேதியையும் பார்த்து வைத்து, ரசீதை உறையோடு கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே அவரிடம் இருக்கும் புத்தகமாக இருந்தால் கூச்சப்படாமல் வேறொன்று வாங்கிக்கொள்வார்.